அனலைசர் செயன்முறைப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு

மருத்துவ ஆய்வுகூடப் படிப்பில், இரத்தத்திலுள்ள பொருட்களை அளக்கும் மெஷினான அனலைசரின் செயன்முறைப் பரீட்சை என்றதும் நானும் எல்லோரையும் போலத்தான் தொடங்கினேன். எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று கொப்பி நிறைய எழுதிப் பாடமாக்கினேன். பரீட்சை மேசையில் அதில் ஒரு வரிகூட உதவவில்லை.

என் முறை வந்தபோது பரீட்சகர் ஒரு தாளை நீட்டினார். பொற்றாசியம் 9.4, கல்சியம் 1.1: ஒன்று மிகக் கூட, மற்றது மிகக் குறைவு. “பிள்ளை, இதை வாட்டுக்கு அனுப்புவீரோ?”

“ஹீமோலைஸ் ஆகியிருக்கு சேர்” என்றேன் மூச்சு விடாமல். பொற்றாசியம் கூடினால் செங்குழியம் உடைந்திருக்கும். வாய்ப்பாடு மாதிரி வந்த பதில். அவர் ஒன்றும் பேசாமல் ரியூப்பை என் பக்கம் தள்ளினார். சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் திரவம், இளமஞ்சளாகத் தெளிந்திருந்தது. சிவப்பு மருந்துக்கும் இல்லை.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. ஊதா மூடி ரியூப்பில் இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஈடிடிஏ ஒரு பொற்றாசிய உப்பு. கல்சியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த ரியூப்பிலிருந்து யாரோ கொஞ்சம் இரத்தத்தைச் சீரத்துக்கான சிவப்பு மூடி ரியூப்பில் ஊற்றியிருந்தால் இப்படித்தான் வரும். அல்கலைன் பொஸ்பட்டேசும் கூடவே விழும், அந்த நொதியத்துக்கு வேண்டிய சிங்க்கையும் மக்னீசியத்தையும் ஈடிடிஏ பறித்துவிடுவதால். ஹீமோலைஸ் ஆனதென்றால் செங்குழியத்துக்குள் இருக்கும் எல்டிஎச், ஏஎஸ்டி நொதியங்கள் ஏறும், கல்சியம் இப்படிப் பாதாளத்துக்குப் போகாது. ஆகவே தாளைப் பார்க்குமுன் ரியூப்பைப் பாருங்கள்.

மெஷினுக்குள் நடப்பதைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். சில மைக்ரோலீற்றர் சீரம், அதோடு தாக்கம் புரியும் மருந்து, 37 பாகை வெப்பம், ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற அளவு, செறிவு கூடக் கூட அந்த அளவும் கூடும் என்ற பியர்-லம்பேட் விதி, அவ்வளவுதான். 340 நனோமீற்றர் அலைநீள ஒளி ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள்: பல சோதனைகளின் தாக்கத்தில் உருவாகும் அல்லது தீரும் என்ஏடிஎச் அங்கே ஒளியை உறிஞ்சும், என்ஏடி உறிஞ்சாது. அளவு எல்லை தாண்டினால் ஐதாக்கித் திரும்ப ஓட்டி, விடையை ஐதாக்கிய மடங்கால் பெருக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் பெருக்க மறக்கிறோம்.

அளவு தெரிந்த மாதிரியைத் தினமும் ஓட்டிப் புள்ளியிடும் கியூசி (தரக் கட்டுப்பாட்டு) வரைபுக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். ஒரு புள்ளி சராசரியிலிருந்து 2 நியம விலகலைத் தாண்டியதும் “நிராகரிப்பேன்” என்று பாயாதீர்கள். மெஷின் நன்றாக ஓடினாலும் ஏறத்தாழ இருபதில் ஒன்று அப்படி வெளியே விழும். எப்போது நிறுத்துவதென்று சொல்லும் வெஸ்ற்காட் விதிகளில் அது எச்சரிக்கை மட்டுமே. 3ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் 2ஐத் தாண்டினாலும் நிறுத்துங்கள். பத்துப் புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் வரிசையாக நின்றால், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தாலும் ஏதோ சரியில்லை.

எனக்கு வந்த வரைபில் கல்சியம் நாளுக்கு நாள் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கலிபிறேஷன், பழைய மருந்து என்று சொல்லி முடித்தேன். “வேற?” என்றார். நம் வீட்டுக் கேத்தலின் அடியைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அந்த விடை தெரியும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. வெள்ளைப் படை படியாத கேத்தல் இங்கே அபூர்வம். அனலைசருக்குக் கரைந்த உப்புகளை நீக்கிய, அயனகற்றிய நீர்தான் போகிறது, ஆனால் அவற்றைப் பிடித்துவைக்கும் அயனகற்றியின் பிசின் களைத்துவிட்டால் கல்சியம் நீரோடு உள்ளே வந்துவிடும். நீரின் கடத்துதிறன் மானியைத் தினமும் காலையில் பார்க்கச் சொல்வது அதனால்தான். இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் தேடினால் ஒரு மூலையில் கிடக்கும், நம் ஊர் ஆய்வுகூடத்திலோ அது முதல் கேள்வி.

வரலாறும் கொஞ்சம் கேட்டார். 1957இல் ரெக்னிக்கன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஓட்டோஅனலைசர், லெனாட் ஸ்கெக்ஸ் உருவாக்கியது. ஒரே குழாயில் ஓடும் சாம்பிள்கள் ஒன்றோடொன்று கலக்காமலிருக்க இடையிடையே காற்றுக் குமிழி விட்டார். இதை ஆசையாகச் சொல்லி முடித்ததும், கடைசியாக ஒரு ரியூப்பைத் தந்து “ஏத்தும்” என்றார்.

றாக்கில் வைக்கப் போனவள் நின்றேன். சீரத்தின் மேல் பட்டாணி அளவில் ஒரு குமிழி. இந்த மெஷினின் ஊசி திரவத்தைத் தொட்டதை மின்கொள்ளளவு மாற்றத்தால் அறியும். குமிழியைத் தொட்டதும் சீரம் வந்துவிட்டதென்று நம்பிக் காற்றை உறிஞ்சும், விடை பொய்யாகக் குறையும். மரக்குச்சி ஒன்றெடுத்துக் குமிழியை உடைத்துவிட்டு ஏற்றினேன். பரீட்சகர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு, “அடுத்த பிள்ளையை வரச் சொல்லும்” என்றார்.