ஓவனைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா?

ஆனி, ஆடி மாதங்களில் தலவாக்கலைப் பக்கம் எப்படி இருக்கும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துவைத்த துணி நாள் கணக்கில் காயாது. உப்புப் போத்தலின் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தீப்பெட்டி நமுத்துப்போகும். இந்த மாதங்களில்தான், என்னிடம் கேக் பழகிய பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "அக்கா, ஓவனைப் போட்டவுடனே வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. ட்ரிப் சுவிட்ச் பழுதாகிவிட்டது போல. கழற்றிவிடச் சொல்லட்டுமா?"

தயவுசெய்து கழற்றாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தச் சுவிட்சில் ஒரு குறையும் இருப்பதில்லை. குறை ஓவனுக்குள் இருக்கிறது. நம் ஊர் ஈரம் அங்கே புகுந்திருக்கிறது.

என் பெரியம்மாவின் மகன் ஹட்டனிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வயரிங் வேலை செய்பவர். பழுதாகிக் கழற்றிய, ஓவனைச் சூடாக்கும் எலிமென்ட் ஒன்றை இரும்பறுக்கும் வாளால் அறுத்து எனக்குக் காட்டினார். வெளியே உலோகக் குழாய். நட்டநடுவே மெல்லிய சுருள் கம்பி. இரண்டுக்கும் இடையில் இறுக்கி அடைத்த வெள்ளைத் தூள். விரலால் சுரண்டினால் சுண்ணாம்பு போல் உதிர்ந்தது. மெக்னீசியம் ஒக்சைட்டு என்றார் அண்ணன். அது சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. குழாயின் இரு முனைகளிலும் உள்ள அடைப்பு நாளடைவில் வெடித்துப்போனால், குசினி வரை வந்து போகும் பனிமூட்டம் அதற்குள்ளும் போய்விடும். தீபாவளிக்குப் போட்ட ஓவனைப் பிறகு தொடாமலே வைத்திருந்து, மழைக்காலத்தில் ஒருநாள் திடீரென்று போடுகிறவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள்.

நனைந்த தூள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வெளிக் குழாய்க்குக் கசியும். அங்கிருந்து ஓவன் பொருத்திய மின்சார அடுப்பின் உடம்புக்கும், எர்த் கம்பிக்கும், மண்ணுக்கும் போகும். உள்ளே போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இல்லை என்றால் ட்ரிப் சுவிட்ச் அதை உடனே கண்டுபிடித்துவிடும். வீடுகளில் வழக்கமாகப் போடுவது 30 மில்லி அம்பியர் சுவிட்ச். அந்த அளவு கசிந்தாலே விழ வேண்டும் என்று செய்யப்பட்டது. அதற்கு மேல் மனித உடம்பின் வழியாகப் பாய்ந்தால் இதயம் தாங்காமல் போகலாம் என்பதுதான் காரணம்.

இனி நான் மிகவும் வருந்துகிற விஷயத்துக்கு வருகிறேன். "சரி செய்து தருகிறேன்" என்று வருகிற சிலர் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். சுவிட்ச் அதன்பிறகு விழாது. கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் அடுப்பின் உடம்பிலேயே நிற்கும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, வந்தவருக்குக் கூலி. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இதை நேரில் பார்த்தேன். அடுப்பின் பின்பக்கத்தில் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் அந்தக் கம்பியை வெட்டி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, மடித்துச் செருகியிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஈரக் காலோடு சிமெந்துத் தரையில் நின்று சமைப்பவர். "தொட்டால் சுர்ரென்று இருக்கிறது பிள்ளை, அதனால் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் போகிறேன்" என்றார். அவர் அதை ஒரு சின்னத் தொந்தரவாக எண்ணிச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே அண்ணனை வரவழைத்தோம்.

அடுப்பைத் தொட்டால் சுர்ரென்றால், அது பழகிக்கொள்ள வேண்டிய விஷயமே அல்ல. மெயினை அணையுங்கள். வேலை தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை அந்த அடுப்பைப் போடாதீர்கள். வருகிறவர் முதலில் எலிமென்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெகர் என்ற கருவியால் அளந்து, எது கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஈரம் மட்டும்தான் காரணம் என்றால் முறையாக உலர்த்தினாலே சரியாகிவிடுவதும் உண்டு. இல்லாவிட்டால் அந்த ஒரு எலிமென்டை மாற்றினால் போதும். கருவி எதுவும் இல்லாமல், குறடு ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எர்த் பற்றி அண்ணன் ஒன்று சொல்வார்: "எர்த் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அளந்து பார்த்தீர்களா என்று கேள்." நம் மலையில் அது பெரிய விஷயம். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண் கொஞ்சம்தான், அதற்குக் கீழே பாறை. எர்த்துக்காக மண்ணில் இறக்கும் உலோகக் கம்பியை அடிக்கும்போது பாதியிலேயே பாறை தட்டும். மீதியை வளைத்து மூடிவிடுவார்கள். பார்வைக்கு எர்த் இருக்கும், ஆனால் மின்சாரம் இறங்காது. புதிதாகத் தனி வீடு கிடைத்துக் குடிபோகிறவர்கள், அடுப்பு வாங்குவதற்கு முன் இதை அளக்கச் செய்யுங்கள். ட்ரிப் சுவிட்சில் "டெஸ்ட்" என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழாத சுவிட்சுதான் உண்மையில் பழுதான சுவிட்ச்.

அடுத்தது சுமை. என் அடுப்பில் 1500 வாட் தட்டு இரண்டு, 1000 வாட் தட்டு இரண்டு, 2000 வாட் ஓவன் ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் 7000 வாட். 230 வோல்ட்டில் அது 30 அம்பியரைக் கொஞ்சம் தாண்டும். எங்கள் வீட்டு இணைப்பே 30 அம்பியர்தான். அதனால் ஓவன் எரியும்போது பெரிய தட்டு ஒன்றுக்கு மேல் போடுவதில்லை. குளிக்கும் அறை ஹீட்டரை அந்த நேரத்தில் யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட அடுப்புக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் வர வேண்டும். எங்களுக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயரும் 32 அம்பியர் பிரேக்கரும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய சுவிட்சும் போட்டார் அண்ணன். சதுர முள் பிளக் பொயின்ட் தாங்குவது 13 அம்பியர், அதாவது ஏறக்குறைய 3000 வாட். ஒற்றைத் தட்டு அடுப்பை அதில் செருகலாம். நான்கு தட்டு அடுப்பை ஒருபோதும் செருகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரில் எந்த அடுப்பையும் போடாதீர்கள். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது, பழுப்பு நிறமாக மாறுகிறது, மீன் வாடை போல் ஒரு வாடை வருகிறது என்றால் உள்ளே பிளாஸ்டிக் கருகிக்கொண்டிருக்கிறது.

சிலர் மாலையில் தட்டுச் சூடேறவில்லை என்று முறையிடுவார்கள். அது அடுப்பின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். கரண்ட் லயினின் கடைசியில் இருக்கும் வீடுகளில், எல்லாரும் சமைக்கும் நேரத்தில் வோல்ட் இறங்கிவிடும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால் 1500 வாட் தட்டு ஆயிரத்துச் சொச்சம் வாட்தான் தரும். அதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு பாகை குறையும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் எடுப்பது அதனால்தான். குமிழை உச்சத்துக்குத் திருப்பிப் பயனில்லை, தண்ணீர்தான் வற்றும். அடி தட்டையான பிரஷர் குக்கர் ஒன்று வாங்குங்கள். நேரமும் மிச்சம், மின்சாரக் கட்டணமும் மிச்சம்.

2021 கடைசியில் வீடுகளில் கேஸ் வெடித்த செய்திகள் வந்தன. அடுத்த ஆண்டு சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம். எங்கள் பக்கத்தில் பலர் மின்சார அடுப்புக்கு மாறியது அந்தக் காலத்தில்தான். அதே 2022இல், மார்ச் கடைசியில், 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது. அப்போது நான் பழகிக்கொண்ட ஒன்றை இன்றுவரை விடவில்லை: கரண்ட் போனால், மெழுகுதிரியைத் தேடுவதற்கு முன் அடுப்பின் குமிழ்களையெல்லாம் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுவேன். கரண்ட் எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். தட்டின் மேல் எண்ணெய்ச் சட்டி இருக்கும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் முதலில் நடந்தது இதுதான்.

கேஸ் அடுப்பில் பழகிய கைக்கு இன்னொன்றும் புரிய வேண்டும். கேஸை அணைத்தால் நெருப்பு நின்றுவிடும். இரும்புத் தட்டு அப்படியல்ல. அணைத்த பிறகும் நீண்ட நேரம் கறுப்பாகவே, ஒன்றும் தெரியாமலே சுட்டுக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், சமைத்து முடிந்ததும் தட்டின் மேல் ஒரு சட்டித் தண்ணீரை வைத்துவிடுங்கள். பாத்திரம் கழுவவும் உதவும். எண்ணெய் தீப்பற்றினால் குமிழை அணைத்து, தட்டையான மூடியால் மூடி, தட்டு ஆறும்வரை மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது.

மழைக்காலத்தில் ஓவன் கதவைத் திறந்துவைத்துக் குளிர் காய்வதும், அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் பள்ளிச் சீருடையைக் காயவைப்பதும் நம் வீடுகளில் நடக்கிற காரியங்கள். காலையில் ஈரச் சீருடையோடு பிள்ளையை எப்படி அனுப்புவது என்ற தாயின் கவலை எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம். ஒரு கால்சட்டை நழுவித் தட்டில் விழுந்தால் போதும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ அந்த ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. கூரை ஒன்று, மரச் சட்டங்கள் வரிசை முழுக்க ஓடுகின்றன. கொடியை இஸ்தோப்பில் கட்டி, துணியை நன்றாகப் பிழிந்து, கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் எடுங்கள்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வார்ப்பிரும்புத் தட்டு நம் காற்றில் துருப்பிடிக்கும். துடைத்தபின் சிறிது நேரம் சூடாக்கி உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு பூச்சு மெல்லியதாகக் கொடுப்பேன். பால் பொங்கினால் தட்டு ஆறியபின் ஈரத்துணியால் துடைக்கலாம். சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கக்கூடும். அடி உருண்ட தாச்சியும் மண்சட்டியும் இந்த அடுப்புக்கு ஆகாது. தட்டோடு ஒட்டி உட்காராத பாத்திரம் சூட்டை வாங்காது. மீன் குழம்பு மண்சட்டியில்தான் வேண்டும் என்பவர்கள் விறகடுப்பை இடித்துவிடாதீர்கள். நானும் இடிக்கவில்லை.

ஓவனின் அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரிப்பதை விட்டுவிடுங்கள். எண்ணெய் சிந்தாமல் இருக்கும் என்று எண்ணி விரிக்கிறார்கள். பல ஓவன்களில் கீழ் எலிமென்ட் அந்தத் தகட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சூடு மேலே வர முடியாமல் தகடு பழுதாகும், கேக்கும் அடியில் வேகாது. கழுவும் மருந்தை எலிமென்ட்டில் நேராக அடிக்காதீர்கள். கதவைத் திறந்து அதன்மேல் கனமான எதையும் வைக்காதீர்கள். பிள்ளைகள் ஏறினால் அடுப்பே முன்பக்கம் சாய்ந்துவிடும். வாங்கும்போது சுவரோடு பிணைக்கும் கொக்கி வந்திருந்தால், அதைப் பெட்டியோடு எறியாமல் பூட்டிவிடுங்கள்.

மழை மாதங்களில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை வெறும் ஓவனைக் குறைந்த சூட்டில் அரை மணித்தியாலம் போட்டுவிடுகிறேன். செலவாகிற மின்சாரம் கொஞ்சம்தான், எலிமென்டில் ஈரம் தங்காது. நத்தார் கேக்குக்கான ஓடர்கள் நவம்பரிலேயே வரத் தொடங்கிவிடும். ரவையும் முந்திரியும் பழங்களும் சேர்ந்த அந்தக் கேக் 150 பாகையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டும். கேக் தட்டைச் சுற்றிக் கடதாசி மடித்து வைப்பவர்கள் அது எலிமென்ட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடர்கள் தொடங்குவதற்கு முன்பே அண்ணனைக் கூப்பிட்டு எலிமென்ட்டும் எர்த்தும் அளந்துவிடுவோம். கதவின் ரப்பரை நானே பார்த்துக்கொள்வேன்: ஒரு துண்டுக் கடதாசியைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்க வேண்டும். இறுக்கமாகப் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு வெளியேறுகிறது, ரப்பரை மாற்ற வேண்டும். நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள்.