மூணு இருபது

"நான் சாப்பாட்டு நேரம்னுல்லா எழுதிக் குடுத்திருந்தேன், தம்பி."

அண்ணாச்சி இதைச் சொன்னது மாடிப்படித் திருப்பத்தில். கையில் தபால் கட்டு இருந்தது. நிற்கக்கூட இல்லை, இறங்கிக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். 'இன்னிக்குக் கரண்டு கட்டாம்' என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். எட்டு மாதம் ஆகிறது. அந்தத் திருப்பம் வந்தால் கால் இன்னும் ஒரு படி தடுமாறுகிறது.

டிசம்பர் 31 அன்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பணி நிறைவு விழா. கேமரா வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் எந்த விழாவுக்கும் படம் எடுப்பது என் தலையில் விழும். நிக்கான் டி5600, கூட ஒரு 50 மி.மீ. லென்ஸ். விழா நாலு மணிக்கு. அதற்கு முன் ஒரு பழைய ஃபைலை எடுக்கலாம் என்று பதிவறைக்குப் போனேன், கேமரா கழுத்திலேயே தொங்கியது. அண்ணாச்சி மேசையில் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே கையை மடித்து, கன்னத்தை அதில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த அறைக்கு மேற்குச் சுவரில், உயரத்தில், ஒரே ஒரு வென்டிலேட்டர். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது பிற்பகலில் அதன் வழியாக ஒரு பட்டை வெயில் இறங்கி, அலமாரிகளுக்கு இடையில் புகுந்து, சரியாக அவர் மேசையில் வந்து விழும். சித்திரையில் சூரியன் திருநெல்வேலிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலாகப் போகும். அப்போது அதே வெயில் மூலையில் இரும்பு பீரோ மேல் விழுந்து யாருக்கும் பயன்படாமல் போகும். அன்று அவருடைய நரைத்த தலையிலும், விரலிடுக்கில் பேனா அப்படியே நின்றிருந்த வலது கையிலும் விழுந்திருந்தது. பழைய காகிதத் தூசி அதில் மிதந்தது. தலைமுடியை வைத்து வெளிச்சத்தை அளந்தேன். மிச்ச அறை கறுப்பாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு படம். பதினோரு வருடமாகக் கேமரா பிடிக்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஒன்று அமையவில்லை. (மாலை விழாவில் 112 படம் எடுத்தேன். அத்தனையிலும் ஒரே பொன்னாடை, ஒரே சிரிப்பு.)

இரவு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும்தானே. 'வெயில் தூங்கும் அறை' என்று தலைப்பு வேறு. நான் சொன்னது வெயிலை. பார்த்தவர்கள் கண்ணில் 'தூங்கும்' மட்டும் பட்டது போலிருக்கிறது.

புது வருடத்தின் முதல் வாரத்தில் மேலதிகாரி கூப்பிட்டார். அவர் போனில் அந்தப் படம் இருந்தது. உட்காரச் சொன்னார். "பிரமாதமான போட்டோ சார். இந்த லைட்டு எப்படிக் கிடைச்சுது? தனியா லைட் எதுவும் வச்சீங்களா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வீட்டில் 'இன்னொண்ணு எடுங்க, கண்ணை மூடிட்டேன்' என்பார்கள். அலுவலகத்தில் 'எனக்கு அனுப்பிருங்க' என்பார்கள். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சும்மா விடுவேனா? வென்டிலேட்டர் எந்தப் பக்கம், சூரியன் எப்படிச் சாயும், மார்கழியும் தையும் விட்டால் அந்த வெயில் ஏன் கிடைக்காது என்று ஒரு பாடமே நடத்தினேன். கடைசியில், "மூணு மணிக்கு மேலதான் சார் அது மேசைக்கே வரும். நான் மூணு இருபதுக்கு எடுத்தேன். மூணரைக்கெல்லாம் போயிரும்" என்று பெருமையாக முடித்தேன்.

"ஓ, மூணு இருபதா" என்றார். டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அண்ணாச்சிக்கு முந்தின நாளே மெமோ கொடுத்து விளக்கம் வாங்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. சாப்பாட்டு இடைவேளையில் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பாடத்துக்கு அப்புறம் அது பொய் விளக்கம் ஆகிவிட்டது. தூங்கியது ஒன்று, அதற்குப் பொய் சொன்னது இரண்டு. 17(அ) ஒழுங்கு நடவடிக்கை வரை போகும் என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் எச்சரித்து விட்டுவிட்டு, தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வுக்கு இரண்டு வருடம்கூட இல்லாதவர். பன்னிரண்டு வருடம் அந்தப் பதிவறையில் இருந்தவர்.

மேலதிகாரி என் வாயைக் கிண்டினாரா, நிஜமாகவே ரசித்துக் கேட்டாரா? இதற்கு எனக்கு இன்றுவரை விடை இல்லை. வாயைக் கிண்டினார் என்றே ஒரு மாதம் நம்பினேன். அது வசதியாகவும் இருந்தது, பழி அவர் மேல் போய்விடுகிறதே. ஆனால் மார்ச்சில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, மகன் கேமரா வேண்டும் என்கிறான், எது வாங்கலாம் என்று அரை மணி நேரம் விசாரித்தார். நான் சொன்ன லென்ஸையே வாங்கினார். ஆக ரசனையும் உண்மையாக இருந்திருக்கலாம். ரசித்துக்கொண்டே விசாரணையும் செய்யலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சரி, நான் சொல்லாவிட்டாலும் கேமராவில் நேரம் பதிவாகியிருக்குமே என்று மனைவியிடம் வாதாடினேன். வாதாடும்போதே தெரியும், வாட்ஸ்அப்பில் போகும் படத்தில் அந்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். மூலப்படம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்த மூணு இருபது உலகத்தில் இரண்டே இடத்தில் இருந்தது, என் மெமரி கார்டிலும் என் வாயிலும்.

அப்புறம் அடுத்த வாதம். அவர் தூங்கியது உண்மை, நான் சொன்னதும் உண்மை. உண்மை சொன்னவன் எதற்குக் கூசவேண்டும்? ஆனால் அந்த அறையில் உண்மை சொல்லவேண்டும் என்று நினைத்து நான் சொல்லவில்லையே. வெளிச்சம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளச் சொன்னேன். அவரை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்துச் சொல்லியிருந்தால்கூட அதில் அண்ணாச்சி என்று ஒரு ஆள் இருந்திருப்பார். என் பேச்சு முழுக்க வென்டிலேட்டரும் சூரியனும்தான். அவர் எங்குமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கும் முன் கேமராவைச் சத்தம் குறையும் நிலைக்கு மாற்றினேன். விழாக்களில் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. தூக்கம் கலையக்கூடாது என்ற கரிசனம் என்று அப்போது நினைத்தேன். படம் கலையக்கூடாது என்பதுதான் சரியாக இருக்கும்.

ராத்திரிகளில் எனக்கு ஆதரவாகப் பெரிய ஆட்களைத் தேடினேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை ஒளித்துவைத்து, எதிரே உட்கார்ந்தவர்களை அவர்களுக்கே தெரியாமல் எடுத்தார். ஆகா, அவரே எடுத்திருக்கிறார் என்று நிம்மதி. மேலே படித்தால், அந்தப் படங்களைப் புத்தகமாக்கியது 1966இல். இருபத்தைந்து வருடம் பொறுத்திருக்கிறார். நான் ஏழு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை.

அடுத்து இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர், டோரதியா லாங்கேவிடம் போனேன். 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த தாயை எடுத்த படம், கேமரா பிடிக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. லாங்கேவுக்கு அது அரசாங்க வேலை. அங்கே எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்து, முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. நல்லதுதானே நடந்தது என்று நினைக்கும்போதே அடுத்த வரி வருகிறது. உணவு வந்தபோது அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டிருந்தது. அந்தத் தாய், ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், 1978இல் வாயைத் திறந்தார். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், என் பேரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார், வரவே இல்லை என்றார். லாங்கே இறந்து அப்போது பதின்மூன்று வருடம். அவரால் பதில் சொல்ல முடியாது. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது, அண்ணாச்சி தினமும் கீழ்த்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் என் பக்கம் யாரும் இல்லை. "வெளிச்சம் வெளிச்சம்னு சொல்லுதீங்க. அந்த மனுசன் தூங்கிட்டுல்லா இருந்தாரு" என்றாள் மனைவி. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். "எங்கிட்டயும் கேக்காமதான எடுக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். போன வருடத்திலிருந்தே நான் கேமராவைத் தூக்கினால் அவள் உள்ளங்கை முன்னால் வந்துவிடும். வயசுக் கூச்சம் என்று சிரித்திருக்கிறேன். அந்த உள்ளங்கைப் படங்கள் மட்டும் என் ஹார்டு டிஸ்கில் நாற்பதாவது இருக்கும். அதையும் எடுத்து வைத்திருக்கிறேன் பாருங்கள்.

அதிலிருந்து கேட்டுத்தான் எடுக்கிறேன். கேட்டால் என்ன ஆகிறது? மனைவி அடுப்பை அணைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கிறாள். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிடுகிறாள், கழற்றினால் அது அம்மா மாதிரியே இல்லை. மகள் யோசித்து, "சரி, ஒண்ணு" என்கிறாள். எல்லாப் படமும் நேராக இருக்கிறது, ஒன்றும் நன்றாக இல்லை. அண்ணாச்சியை எழுப்பிக் கேட்டிருந்தால் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், படம் இருந்திருக்காது. கேட்காமல் எடுத்தது தப்பு என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும், அந்தப் படம் இல்லாமல் போயிருக்கலாம் என்று மட்டும் மனதார ஒரு தடவைகூட நினைக்க முடியவில்லை. இதையும் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் நடிப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே மனைவி சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். கேட்காமல் எடுத்தேன். சத்தம் குறைத்துத்தான். யாருக்கும் காட்டவில்லை, அவளுக்கும்தான்.

அண்ணாச்சி பிப்ரவரியிலேயே கேட்டிருந்தார். "தம்பி, அந்தப் படத்த ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க. வீட்டுல பாத்துட்டு நல்லாருக்குன்னாங்க." குத்தலாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்று நாளை என்று ஆறு மாதம் தள்ளினேன். தாம்சன் கதையைப் படித்த வாரம்தான் கடைக்குப் போய் பன்னிரண்டுக்கு எட்டில் போட்டேன். அன்று அவர் ஏன் தூங்கினார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கலாம் என்று இரண்டு தடவை போய், டீ சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

தபால் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் இருந்த பசையைத் துணியில் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். விரலைப் பேனா மேல் வைத்தார்.

"வெயில் இங்க வந்தா மூணே காலு தாண்டியாச்சுன்னு அர்த்தம். பன்னெண்டு வருசத்துல அங்க நான் கடியாரமே பாத்ததில்ல. அந்த ரூமுல இருந்தவன் எவனக் கேட்டாலும் சொல்லியிருப்பான்."

அப்படியானால் நான் சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை என்கிறாரா? இல்லை, தெரிந்தவன் எல்லாம் சொல்லிவிடுவானா என்கிறாரா? கேட்டிருக்கலாம். அவர் அதற்குள் படத்தைத் திருப்பி மேசையில் வைத்துப் பேனாவை நீட்டிவிட்டார்.

"பின்னால ஒங்க பேர எழுதுங்க. எடுத்தவுக பேரு வேணும்லா."

பிரிண்ட் போட்டால் பின்பக்கம் பெயர், இடம், தேதி, நேரம் என்று வரிசையாக எழுதுவது என் வழக்கம். பெயரை எழுதினேன். பதிவறை என்று எழுதினேன். தேதியை எழுதினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டேன்.