கதவைக் கொஞ்சம் பார்த்துத் திறங்க

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் இருந்து வந்து, பையெல்லாம் இறக்கி, பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுபடி கீழே இறங்கிப் போய் செல்போன் டார்ச் அடித்துக் காரைப் பார்த்தேன். வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போதே பையன் சொன்னான், "அம்மா, கதவுல ஏதோ இருந்துச்சு" என்று. இருந்தது. இடது பக்கப் பின்கதவில், கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. கோட்டின் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு குழி, அதற்குள் வெள்ளை பெயின்ட் ஒட்டியிருந்தது. என் கார் நீலம்.

நாங்கள் காரை நிறுத்தியபோது பக்கத்தில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோதும் ஒன்றும் இல்லை. இடையில் இருந்த நாற்பது நிமிஷத்தில் யாரோ வந்திருக்கிறார்கள், கதவைத் திறந்திருக்கிறார்கள், இடித்திருக்கிறது, போய்விட்டார்கள். டொக்கென்று சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. கதவைப் பிடித்திருந்தவருக்குக் கையிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் போனார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்றைக்கு நாலு நாள் ஆகிறது, இன்னும் ஆறவில்லை.

இது ஸ்விஃப்ட்தான், பெரிய கார் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதல் கார். அப்பாவிடம் கடைசிவரை டிவிஎஸ் 50தான் இருந்தது, தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபி குடிப்பார். நான் என் சம்பளத்தில் முன்பணம் கட்டி, மீதிக்கு ஐந்து வருஷத் தவணை போட்டு வாங்கியது. மூன்று வருஷம் முடிந்திருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் மாதா மாதம் ஐந்தாம் தேதி பணம் போகும். "ஒரு கோடுதானே, விடு" என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று தெரியவில்லை.

திங்கள்கிழமை ஆபீஸ் முடிந்து டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "அக்கா, நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க" என்றார் பட்டறைத் தம்பி. இழுத்தேன், கோட்டில் நகம் மாட்டியது. நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல்பூச்சோடு நின்றிருக்கிறது, பாலிஷ் போட்டாலே போய்விடும். மாட்டினால் அடியில் இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். காரின் பெயின்ட் என்பது நாம் நினைக்கிற மாதிரி ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒன்று, அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி க்ளியர் கோட். நாலும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் அதற்குச் சற்றே மேல். அந்தக் க்ளியர் கோட் நம் தலைமுடியை விட மெல்லிசு. பெயின்ட் உடையாமல் வெறும் குழி மட்டும் விழுந்திருந்தால் உள்பக்கமாகக் கம்பி விட்டு நெம்பி எடுத்துவிடலாம், பெயின்ட் வேலையே வேண்டாம். எனக்குப் பெயின்ட் உடைந்துவிட்டது. அப்படியானால் தேய்த்து, பட்டி போட்டு, கதவு முழுக்க அடிக்க வேண்டும், அரிசி அளவு குழிக்கு முழுக் கதவு! என்னுடையது மெட்டாலிக் நிறம் வேறு, உள்ளே அலுமினியத் துகள் கலந்தது, எந்தக் கோணத்தில் அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக்கூட நிறம் மாறித் தெரியும். அதனால் பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் இழுத்து அடித்தால்தான் ஒட்டும் என்றார். 4,500 ரூபாய்.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதை எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. கிளைம் எதுவும் வாங்காத வருஷங்களுக்கு நோ கிளைம் போனஸ் என்று ஒரு தள்ளுபடி உண்டு, முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. நான் 35-ல் இருக்கிறேன், அடுத்த முறை 45 கிடைக்க வேண்டும். நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான் இந்தத் தள்ளுபடி, எனக்கு அது சுமார் 9,000 ரூபாய். அதில் 45 சதவீதம் என்றால் 4,050. இப்போது கிளைம் போட்டால் அது அப்படியே பூஜ்யத்துக்குப் போய்விடும். அதுபோக ஒவ்வொரு கிளைமுக்கும் கட்டாயமாக நம் கையில் இருந்து போட வேண்டிய பங்கு, 1500 சிசி வரைக்கும் 1,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 5,050, பட்டறைக்காரர் கேட்டதோ 4,500. கிளைம் போட்டால் எனக்குத்தான் நஷ்டம், அதுவும் ஒரே வருஷத்துக் கணக்கில். மறுபடி 20-ல் இருந்து ஏறி வர எத்தனை வருஷம்? யாரோ ஒருவர் ஒரு நொடி கவனிக்காமல் திறந்த கதவுக்கு நான் முழுப் பணத்தையும் என் பையில் இருந்து எடுக்க வேண்டும், வேறு வழியே இல்லை.

இதில் இடத்தின் தப்பும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஒரு காரை நிறுத்த 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்பதுதான் 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கும் அளவு. மாருதி 800 ஓடிய காலத்தில் அது தாராளம். அந்தக் காரின் அகலம் 1,440 மில்லிமீட்டர்தான், கோட்டுக்கு நடுவில் நிறுத்திய இரண்டு மாருதி 800-க்கு இடையே 106 சென்டிமீட்டர் கிடைக்கும். என் ஸ்விஃப்ட் 1,735. க்ரெட்டா 1,790. இன்னோவா க்ரிஸ்டா 1,830. இரண்டு இன்னோவா பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவில் மிஞ்சுவது 67 சென்டிமீட்டர். அதில் பக்கவாட்டுக் கண்ணாடி வேறு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தில் எந்தக் காரின் கதவையும் முழுதாகத் திறக்க முடியாது. ஒருவர் கோட்டை மிதித்து நிறுத்திவிட்டால் அதுவும் போச்சு. கார்கள் வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகின்றன, கோடு மட்டும் அங்கேயே இருக்கிறது. நாங்கள் போகும் பேஸ்மென்ட்டில் கோடும் இல்லை, எப்போதோ போட்ட மஞ்சள் பெயின்ட் தேய்ந்து தூண் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

அப்புறம் கடையின் அந்தத் தள்ளுவண்டிகள். பேஸ்மென்ட் தரை தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. சாமானை டிக்கியில் ஏற்றியதும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், கொண்டுபோய் வைக்கும் இடம் பத்தே அடி தள்ளி இருந்தாலும். ஒரு நாள் என் கண் முன்னாலேயே ஒரு வண்டி தானாக நகர ஆரம்பித்து, மெதுவாக, ஆடி ஆடிப் போய் வரிசைக் கடைசியில் நின்ற ஆல்டோவின் பம்பரில் இடித்து நின்றது. ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் இடித்துவிட்டது. அன்றிலிருந்து சரிவின் கீழ்ப்பக்கம் நிறுத்துவதில்லை.

வாசலில் "வாகனங்களைச் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்" என்று பெரிய போர்டு இருக்கிறது. இந்த மாதிரி வாசகத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1998-ல் டில்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் சாவியைக் கொடுத்து விட்டுப்போன மாருதி ஜென் திருடுபோன வழக்கு. சாவியை வாங்கி வண்டியை நிறுத்திக்கொடுக்கும் ஹோட்டல், தன் பக்கம் கவனக்குறைவு இருக்கும்போது, பார்க்கிங் டோக்கனில் 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது உரிமையாளர் பொறுப்பு, என்று அச்சடித்ததைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம். படித்தபோது ஆறுதலாக இருந்தது. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் நாமே நிறுத்திச் சாவியை நாமே எடுத்துக்கொண்டு போகிறோம், அங்கே அந்தத் தீர்ப்பை அப்படியே கொண்டுபோய் நீட்ட முடியாது. செக்யூரிட்டி அண்ணாவைக் கேட்டேன். "தெரியலைங்க்கா, நான் அந்தப் பக்கம் பைக்கை ஒதுக்கிட்டு இருந்தேனுங்க" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரே ஆள், காரையும் பைக்கையும் அவர்தான் பார்க்கிறார்.

நானும் ஒரு தடவை இடித்திருக்கிறேன். போன வருஷம் ஆடி மாதம், திறந்தவெளியில் நிறுத்தும் ஒரு காய்கறிக் கடை. கோயம்புத்தூரில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஆளையே தள்ளும். கதவைப் பாதி திறந்தேன், காற்று பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வேகன்ஆர் மேல் அடித்துவிட்டது. மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. வயிற்றைப் பிசைந்தது. கடைக்குள் போகாமல் அங்கேயே நின்றேன், இருபது நிமிஷம் இருக்கும். வந்தவர் வயதான ஐயா, கையில் கீரைக்கட்டு. சொன்னேன். கட்டைவிரலால் அந்தப் புள்ளியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "காத்து அடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவ கண்ணு, விடு" என்றார். நான் வற்புறுத்தித்தான் நம்பரைக் கொடுத்தேன். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த இருபது நிமிஷம் நிற்பது ஒன்றும் அவ்வளவு பெரிய காரியம் இல்லை. நிற்க நேரம் இல்லையென்றால் வைப்பரில் ஒரு சீட்டு, பில்லின் பின்பக்கத்தில் பத்து இலக்கம், போதும்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பேஸ்மென்ட்டில் கடைசித் தூணை ஒட்டி நிறுத்துகிறேன், ஒரு பக்கமாவது அடுத்த காரின் கதவு இருக்காது. லிஃப்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் இருந்தாலும் போவதில்லை. பக்கத்தில் நிற்கும் காரின் கதவு விளிம்பைப் பார்க்கிறேன், விளிம்பு முழுக்கப் பெயின்ட் உதிர்ந்திருந்தால் அது பல இடத்தில் இடித்த கதவு, அங்கே வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் போவதை விட்டுவிட்டு வியாழக்கிழமை காலையில் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். கதவு விளிம்புக்கு ரப்பர் பீடிங் ஒட்டினேன், அது அடுத்தவர் காருக்காக. முக்கியமாகப் பின்கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்ட் லாக், கதவைத் திறந்தால் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதைத் தள்ளிவிட்டால் உள்ளிருந்து திறக்காது. பையனுக்கு ஏழு வயது, வண்டி நின்றதுமே குதிக்கப் பார்ப்பான். இப்போது நான் இறங்கிப்போய், விளிம்பில் கை வைத்து, திறந்துவிட்டால்தான் அவன் இறங்க முடியும். பின்கதவு உள்ள பெரும்பாலான சொந்தக் கார்களில் இது இருக்கிறது, பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து போடுங்கள். என் கதவில் இருக்கும் கோடும் ஒரு குழந்தை திறந்ததாகவே இருக்கலாம், குழந்தைக்கு என்ன தெரியும்.

செவ்வாய்க்கிழமை கடை மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை. மூன்று விஷயம் கேட்டேன்: கோட்டை மறுபடி போடுங்கள், தள்ளுவண்டி நிறுத்துமிடத்தைச் சரிவின் கீழ்ப்பக்கம் மாற்றுங்கள், பைக் பக்கம் பார்க்கும் கேமராவைத் தவிர கார் பக்கம் ஒன்று வையுங்கள். உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டு, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "மேல சொல்றேங்க மேடம்" என்றார்.

இன்று காலை போனேன். கோடு போடவில்லை, கேமரா அதே பக்கம்தான் பார்க்கிறது. தள்ளுவண்டிகளை மட்டும் கீழ்ச்சுவர் ஓரமாக வரிசையாக நிறுத்தி, குறுக்கே ஒரு சங்கிலி போட்டிருந்தார்கள். சாமானை ஏற்றிவிட்டு என் தள்ளுவண்டியை அங்கே கொண்டுபோய் விட்டேன். கதவுக்கு அடுத்த சனிக்கிழமை பட்டறையில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.