கண்ணை மூடச் சொல்பவர் யார் என்று பாருங்கள்

கொஞ்ச நாளாகக் கிளிநொச்சிப் பக்கமிருந்தும் புதுக்குடியிருப்புப் பக்கமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: ஹிப்னோதெரபிக்கு, அதாவது ஹிப்னாட்டிசத்தால் மனதை ஒருமுகப்படுத்தித் தளரவைத்துச் செய்யும் சிகிச்சைக்கு, யாரிடம் போகலாம்? பேஸ்புக்கைத் திறந்தால் விளம்பரமும் அப்படித்தான், சென்னையிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து இன்னொருவர், எல்லாரும் ஸூமிலேயே செய்யலாம் என்கிறார்கள். நான் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. எப்படித் தெரிவுசெய்வது என்று மட்டும் சொல்கிறேன், அதுவும் போரைக் கடந்துவந்த எங்கள் சனத்தை மனதில் வைத்து.

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வசனத்தில் சொல்லிப்பாருங்கள். நித்திரை வரவேண்டுமா, பல் பிடுங்கும் பயம் போகவேண்டுமா, சிகரெட்டை விடவேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. ஐ.பி.எஸ். என்று டொக்டர்மார் சொல்லும் தீராத வயிற்றுக் குழப்பத்துக்கு 1984இலேயே மான்செஸ்டரில் முறையாகச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள், மருந்துக்குக் கேட்காதவர்களுக்குப் பிரித்தானியாவில் இன்றும் இது ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. சிகரெட்டுக்கு அந்தளவு உறுதியான ஆதாரம் இல்லை. ஆகவே ஒரே தடவையில் நூறு வீதம் நிற்பாட்டித் தருவேன் என்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

என்ன நடக்கும் என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. மேடை நிகழ்ச்சிகளைப் பார்த்த பழக்கத்தில், ஹிப்னாட்டிசம் செய்பவர் சொல்வதையெல்லாம் நாம் செய்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் நீங்கள் நித்திரை கொள்வதில்லை, பெரும்பாலும் அவர் பேசுவது கேட்டுக்கொண்டே இருக்கும், வேண்டாம் என்றால் கண்ணைத் திறந்து எழும்பலாம். கோவாவில் பிறந்து பாரிஸுக்குப் போன ஃபாரியா என்ற பாதிரியார் 1813இலேயே அங்கே இதைச் செய்துகாட்டி, செய்பவரிடம் விசேட சக்தி எதுவும் கிடையாது, எல்லாம் செய்துகொள்பவரின் மனதுக்குள்தான் நடக்கிறது என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் "என்ட பார்வைக்கு ஒரு சக்தி இருக்கு" என்று சொல்பவரை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். என் மச்சாளுக்குப் பல வருடமாக நித்திரை சரியில்லை. வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் காசு கட்டி ஸூமில் ஒருவரை ஒழுங்குபண்ணிக் கொடுத்தார். அவர் நல்ல குரலில், நல்ல தமிழில்தான் தொடங்கினார்: உடம்பைத் தளர்த்துங்கள், மூச்சைக் கவனியுங்கள், இப்போது நீங்கள் ஓர் அழகான கடற்கரையில் நடக்கிறீர்கள், காலுக்குக் கீழே சூடான வெண்மணல், அலைச் சத்தம் கேட்கிறது. மச்சாள் சட்டென்று கண்ணைத் திறந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டா. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில் அகப்பட்டிருந்த ஒருத்திக்குக் கடற்கரை என்றால் என்னவென்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாதது குற்றமில்லை, ஆனால் கேட்டிருக்கவேண்டும். எங்கே இருந்தீர்கள், எதைக் கேட்டால் நெஞ்சு படபடக்கும், எந்த இடத்தை நினைத்தால் ஆறுதலாக இருக்கும் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் நேரே கண்ணை மூடச் சொன்னார்.

பிறகு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு மூலம் போன இடத்தில், முதல் நாள் முழுக்கக் கதைதான். மச்சாள் தானாகவே குளக்கட்டைச் சொன்னா: முத்தையன்கட்டுக் குளத்தில் பின்னேரம், மருதமரத்து நிழல், தண்ணீருக்குள் நிற்கிற எருமைகள். அவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள், அதையும் எங்கள் பேச்சுத் தமிழிலேயே சொன்னார்கள். கண்ணை மூடுவது கஷ்டமென்றால் திறந்துகொண்டே செய்யலாம் என்றார்கள். நித்திரை முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் படுக்கப்போகும் நேரத்துப் பயம் நன்றாகக் குறைந்திருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: முதல் சந்திப்பில் அவர் பேசுவதைவிட உங்களிடம் கேட்பது கூடவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். ஆழ்மனதில் இருப்பதை எடுத்துத் தருகிறேன், கடைசியாகப் பிள்ளையை எங்கே கண்டீர்கள், எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள் எல்லாம் ஞாபகம் வரும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள். ஹிப்னாட்டிசத்தில் ஞாபகமும் கற்பனையும் கலந்துவிடும், அதோடு அந்தக் கலவைதான் உண்மை என்ற உறுதியும் கூடிவிடும். இப்படி வரும் ஞாபகம் சாதாரண ஞாபகத்தைவிட நம்பகமானதல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985இலேயே சொல்லிவிட்டது. போர் முடிந்தபோது வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்திடம் கையளித்ததைக் கண்ணால் கண்ட தாயின் சாட்சியம் எவ்வளவு பெறுமதியானது! காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நீதி கேட்டு, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் போராட்டத்துக்கு உட்கார்ந்த அம்மாமார் அந்தச் சாட்சியத்தைத்தானே இத்தனை காலமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸின் நிறம் என்று பொய்யான ஒரு விவரம் அதற்குள் போய்விட்டால், நாளைக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் தட்டிவிடுவார்கள்.

தகுதியைக் கேட்க வெட்கப்படவேண்டாம். வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கும், பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். உளவியலாளரோ உளவளத்துணையாளரோ என்றால் எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். ஹிப்னாட்டிசச் சான்றிதழ் மட்டும் காட்டுபவரிடம் போரின் பாதிப்பைக் கொண்டுபோகக்கூடாது, ஹிப்னாட்டிசம் இல்லாமலும் அந்தப் பிரச்சினையைப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். பல தடவைக்கான காசை மொத்தமாக முன்கூட்டியே கேட்டால் யோசியுங்கள். பெண்கள் போகும்போது வீட்டாள் ஒருவர் கூட இருக்கலாமா, ஸூமில் என்றால் பதிவுசெய்கிறார்களா, அந்த வீடியோ யாரிடம் இருக்கும் என்பதையும் முதலே கேட்டுவிடுங்கள்.

குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது போன்றவை இருந்தாலோ, வலிப்பு இருந்தாலோ, முதலில் டொக்டரிடம் கேளுங்கள். கிளினிக்கில் தந்த குளிசையை நிற்பாட்டிவிட்டு வா என்று சொல்பவரிடம் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். சாகவேண்டும் போல் எண்ணம் வந்தால் ஹிப்னாட்டிசத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 1926க்கு அடியுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்.