ஏழு சங்கங்கள், ஒரு வடிகால்

ஒரே கோப்பில் இரண்டு மனுக்கள் இருந்தன. ஒன்று எங்களுடையது: மழைநீர் தேங்குவதால் எங்கள் தெருவை உயர்த்திப் போட வேண்டும். மற்றது அடுத்த தெருச் சங்கத்தினுடையது: எங்கள் தெருவை உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் தண்ணீர் அவர்கள் வீடுகளுக்குள் வரும். இரண்டிலும் முத்திரை, செயலாளர் கையெழுத்து, நகல் யார் யாருக்கு என்ற நீண்ட பட்டியல். மாநகராட்சிப் பொறியாளர் இரண்டையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, "முதலில் நீங்கள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்" என்றார். கோபம் வந்தது. ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மிக்ஜாம் புயல் கொட்டிவிட்டுப் போய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது; 2023 டிசம்பர். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்போதும் ஈரமாகவே இருந்தது. நான் வட சென்னையின் வியாசர்பாடியில் மகாகவி பாரதி நகரை ஒட்டிய ஒரு சிறிய குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். அறுபத்திரண்டு வீடுகள், மாதச் சந்தா ஐம்பது ரூபாய், அதிலும் பாதிப் பேர் பாக்கி. சங்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் நாங்கள் செய்ததெல்லாம் தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சியின் புகார் எண் 1913க்கு அழைப்பதும் பொங்கலுக்குக் கோலப் போட்டி வைப்பதும்தான்.

அந்த இன்னொரு மனுவை எழுதியவரும் அன்று அங்கே வந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளியே வந்ததும் முறைத்துக்கொள்வோம் என்றுதான் நினைத்தேன். அவரோ, "தம்பி, இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று என்றைக்காவது நடந்து பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இருபது வருடமாகக் குடியிருக்கிறேன், பார்த்ததில்லை.

மறுநாள் காலை இருவரும் நடந்தோம். எங்கள் தெரு வடிகால் வளைந்து வளைந்து போய்க் கேப்டன் காட்டன் கால்வாயில் சேர்கிறது. அது பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. எங்கள் பக்கத்துத் தரை ஏறக்குறையத் தட்டை. கடல் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. பக்கிங்காம் கால்வாய் நிரம்பிவிட்டால் பின்னால் வரும் தண்ணீர் நகராது, நின்றுவிடும். எங்கள் தெருவுக்கும் கால்வாய்க்கும் நடுவே எத்தனை சங்கப் பலகைகள் என்று எண்ணினோம். எங்கள் இரண்டையும் சேர்த்து ஏழு. மணல் மூட்டை, சிமெண்டுத் தடுப்பு, உயர்த்திய வாசற்படி என்று அவரவர் வாசலை அவரவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தள்ளிய தண்ணீர் அடுத்தவருடைய மனுவாக மாறியிருந்தது.

2024 ஜனவரியில் ஏழு சங்கத்தாரையும் ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடிக்கு அழைத்தோம். பேச்சுக்கு வராதவர்களும் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று, பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருளாளர் வீட்டிலிருந்து அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் உணவுகளைக் கொண்டுவந்தார். அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள்.

முதல் சண்டை, எல்லாச் சங்கத்தையும் கலைத்துவிட்டு ஒரே சங்கமாகிவிடலாமா என்பதில். சிலருக்கு அந்த எண்ணம் பிடித்திருந்தது. கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிறிய தெருக்காரர்கள் முகம் சுருங்கிவிட்டது. முந்நூறு வீட்டுச் சங்கத்தோடு கலந்தால் அறுபது வீட்டுக்காரன் குரல் யார் காதில் விழும்? சட்டமும் எளிதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கம் தன் விதிகளைத் திருத்தவே சிறப்புத் தீர்மானம் வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். எங்கள் பொதுக்குழுவில் டீ வேண்டுமா காபி வேண்டுமா என்பதற்கே அந்தப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. ஆகவே அவரவர் சங்கம், முத்திரை, வங்கிக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கட்டும், மேலே ஒரு கூட்டமைப்பு மட்டும் போதும் என்று முடிவாயிற்று. வீடு எத்தனை இருந்தாலும் சங்கத்துக்கு ஒரு வாக்கு. இந்த ஒரு வரிக்காகப் பெரிய சங்கத்தாரோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாதாடினோம்.

சேர்வதற்கு மனம் போதும் என்று நினைத்திருந்தேன். காகிதம்தான் ஆளைக் கொன்றது. ஏழில் இரண்டு சங்கங்கள் பதிவே செய்யாதவை. மூன்று சங்கங்கள் பதிவு செய்த ஆண்டோடு சரி, ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்யவே இல்லை. ஒன்றின் பதிவேட்டில் காலமாகிப் பல வருடமான ஒருவர் இன்னும் தலைவராக இருந்தார். இன்னொன்றின் தீர்மானப் புத்தகம் புயல் வெள்ளத்தில் ஊறி அப்பளம்போல் ஆகிவிட்டிருந்தது. கூட்டமைப்பின் விதிகளை எழுத ஆன நேரத்தைவிட இந்தப் பழைய பாக்கிகளைத் தீர்க்க ஆன நேரம் நான்கு மடங்கு. இதைப் படிப்பவர்களில் யாராவது சங்கம் நடத்தினால், வேறு எதற்கும் முன்னால் உங்கள் பழைய கோப்பைத் திறந்து பாருங்கள்.

பெயரிலும் தகராறு. வட சென்னை என்று வர வேண்டும் என்றார் ஒருவர். ஏழு தெருவுக்கு அவ்வளவு பெரிய பெயரா என்றார் இன்னொருவர். ஏற்கெனவே பதிவான பெயரை ஒத்திருந்தால் ஏற்க மாட்டார்கள் என்பதால் நான்கு பெயர்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டோம். யாருக்கும் பிடிக்காத மூன்றாவது பெயரே கிடைத்தது.

பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். ஏழு சங்கம், சங்கத்துக்கு ஒரு பிரதிநிதி. கணக்கு அழகாகப் பொருந்தியது. கையெழுத்துக்கு முந்தின வாரம் பெரிய சங்கம் விலகிக்கொண்டது. ஒரு வாக்குதான் என்பது அவர்களுக்கு இறங்கவே இல்லை. நிறுவியவர்கள் ஆறு பேராகிவிட்டோம். சங்கத்துக்கு இரண்டு பிரதிநிதிகள் என்று விதியை மாற்றி, ஒவ்வொரு செயற்குழுவையும் மறுபடி கூட்டி, தீர்மானம் எழுதி, அடையாள அட்டை நகல் வாங்கினோம். அலுவலக முகவரிக்கு வீடு தந்தவரின் சம்மதக் கடிதத்தில் கதவு எண் பழையது என்று விண்ணப்பம் ஒருமுறை திரும்பியது. புதிய எண்ணையும் பழைய எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்த ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். செப்டம்பரில் சான்றிதழ் கைக்கு வந்தது.

இதற்கிடையில் உருப்படியான வேலை ஒன்றும் நடந்தது. எங்களில் ஒருவர் கொத்தனார். கட்டட வேலையில் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை எடுத்துக்கொண்டு, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு முனைக்குத் தெரு முனை அளந்தார். ஒரு கல்லூரி மாணவி அதைக் கோட்டுப்படமாக வரைந்து கொடுத்தாள். எங்கள் தெரு அடுத்த தெருவைவிட அரை அடி தாழ்வு என்று நான் சத்தியம் செய்திருப்பேன். அளந்தால் ஒன்பது அங்குலம் மேடு! தண்ணீர் நின்றதற்குக் காரணம் தெருவே அல்ல. நடுவில் ஓரிடத்தில் வண்டல் சேர்ந்து வடிகாலின் அடிப்பகுதியே மேடாகியிருந்தது. தெருவை உயர்த்தச் சொன்ன என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. துறைமுகத்துப் பெரியவர் கை தட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மனு எழுதும்போதுதான் அடுத்த சிக்கல். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. வார்டு எல்லையும் நடுவில் குறுக்கிடுகிறது. மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைகள் வந்தது நல்லதுதான். ஆனால் அவை வார்டையும் கூறு போடுகின்றன, தண்ணீரோ எல்லா எல்லையையும் தாண்டிப் போகிறது. ஆகவே ஒரே கோட்டுப்படத்தை இணைத்து, யாரிடம் என்ன வேண்டும் என்று தனித்தனியாக மூன்று மனுக்கள் எழுதினோம். ஆறு முத்திரைகளும் ஒரே தாளில். ஒப்புகைச் சீட்டு வாங்கும்போது என் கை நடுங்கியது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

தூர்வாரும் இயந்திரம் வந்தது. கால்வாயில் சேரும் முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலிருந்து வாரினால் வண்டல் கீழே போய் அடைத்துக்கொள்ளும். இதை எங்கள் மனுவிலேயே எழுதியிருந்தோம், எழுதியவனும் நான்தான். எங்கள் தெரு மேல் முனையில் இருக்கிறது. கீழ் முனையில், எங்களைவிட்டு விலகிய பெரிய சங்கத்தின் தெருவில்தான் முதல் நாள் வேலை நடந்தது. அவர்கள் இன்னும் சேரவில்லை. எங்கள் தெருவில் காலையில் பால் வாங்கப் போனால், "அவர்களுக்கு முடிந்துவிட்டதாமே, நமக்கு எப்போது?" என்று கேட்கிறார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.