மலை மாதாவுக்கு ஒரு மெழுகு வீடு

பாந்த்ரா மலை மாதா கோயிலுக்குப் போகும் வழியில் மெழுகுக் கடைகளைப் பார்த்தாலே மும்பையில் யாருக்கு என்ன குறை என்று தெரிந்துவிடும். கை, கால், இதயம், தொட்டில் பிள்ளை, விமானம் எல்லாமே மெழுகில் கிடைக்கும். வேண்டியதை வாங்கி மாதா முன் வைப்பது இங்கே பழைய நேர்ச்சை. இந்த வருடம் எங்கள் தாராவி ஆட்கள் கையில் பெரும்பாலும் வீடுதான் இருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். தாராவிக் குடிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் சீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருக்கும் தரைதள வீட்டுக்காரர்களுக்கு அங்கேயே 350 சதுர அடியில் இலவச வீடு. நாங்கள் இருப்பது மாடி. எந்தப் பக்கம் அனுப்புவார்கள், எப்போது அனுப்புவார்கள், ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணிக்கு லீவும் டிக்கெட்டும் கிடைக்காத மும்பைத் தமிழர்களுக்கு இந்த மலைதான் வேளாங்கண்ணி. திருவிழா வாரத்தில் பாந்த்ரா ஸ்டேஷனிலிருந்து பஸ் நிரம்பி வழியும். தூறலில் நனைந்தபடி பெரியம்மாவும் நானும் ஏறினோம். சாமந்தி மாலையோடு இந்துப் பெண்கள் எங்களுக்கு முன்னால் போனார்கள். இந்தக் கோயிலில் அது புதிதல்ல.

பெரியம்மா கடைக்காரரிடம் தன் தாராவி இந்தியில், மாடி வைத்த வீடு இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாம் ஓட்டு வீடுதான் என்றார். “நம்ம கணக்கு மாதாவுக்குத் தெரியாதாட்டி, இதையே குடுப்போம்” என்று வாங்கிக்கொண்டாள்.

1904-இல் கட்டிய கோயில். உள்ளே நின்று நான் நினைத்தது மாதாவை அல்ல, அவள் கணவர் சூசையப்பரை. நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு சொல் கூடக் கிடையாது. மத்தேயுவில் நான்கு கனவுகள் மட்டும். ஒவ்வொரு கனவிலும் அடுத்த ஒரு வேலைதான் சொல்லப்படுகிறது. மரியாவை ஏற்றுக்கொள். பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடு. “நான் உமக்குச் சொல்லும்வரை அங்கேயே இரும்.” எகிப்தில் எந்த ஊர், தங்க இடம் உண்டா, தச்சு வேலை கிடைக்குமா, திரும்பி வருவது எப்போது என்று ஒரு விவரமும் இல்லை. அவர் விடியும்வரை கூடக் காத்திருக்கவில்லை, இரவிலேயே புறப்பட்டார். மாதாவுக்கும் அப்படித்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாவீதின் அரியணை கிடைக்கும் என்று சொன்ன வானதூதர் மாட்டுத் தொழுவத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூவேளை செபத்தில், வானதூதருக்கு மாதா சொன்ன “உம்முடைய வார்த்தையின்படியே எனக்கு ஆகக்கடவது” என்ற பதிலைச் சொல்லும்போது, அவள் அதை எவ்வளவு தெரியாமல் சொன்னாள் என்பது என் மனதில் பட்டதே இல்லை.

‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனிடம் பெத்லகேமில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? எகிப்துக்குத் தப்பிய கதையில் அவர்களும் இருக்கிறார்கள். காரணம் புரிந்ததால் சூசையப்பர் நடந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னவர் யாரென்று தெரியும், அதனால் நடந்தார்.

எனக்கு வானதூதர் வரவில்லை. எங்கள் பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் ஒரு வேலை மட்டும் வந்திருக்கிறது. எனக்கு மராத்தி படிக்கத் தெரியும் என்பதால், சந்தில் உள்ளவர்கள் திட்டத்துக்குக் காட்ட வேண்டிய காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தரைதளத்துக்காரர்களின் கரண்ட் பில்லை வருட வாரியாக அடுக்கும்போது உள்ளுக்குள் எரியும். என் வீடு அந்தரத்தில் இருக்க, இவர்களுக்கு ஏன் உழைக்க வேண்டும்? அதை அப்படியே மாதாவிடம் சொன்னேன். எரிச்சல் போகவில்லை. வேலையும் மாறவில்லை.

மெழுகு வீட்டை மற்ற வீடுகளோடு வைத்துவிட்டுப் பெரியம்மா முட்டி வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்தாள். “கால் ஒண்ணும் வாங்கியிருக்கலாம்” என்றாள். சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

பஸ்ஸில் போன் வந்தது. கீழ்வீட்டு அக்கா. பழைய ரேஷன் கார்டு கிடைத்துவிட்டதாம், பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறதாம், என்ன செய்வது என்று கேட்டாள். வாக்காளர் பட்டியல் நகலையும் எடுத்துவைக்கச் சொன்னேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.