தோட்டத்துக்கு வரும் தபால்

எங்கள் பக்கத்தில் முகவரி எழுதுவது கொஞ்சம் சிக்கலான வேலை. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே வர வேண்டும். ஊர் என்று ஒன்று இருக்கும், ஆனால் பாதிப் பேர் ஊருக்குள் இருக்க மாட்டார்கள், அவரவர் தோட்டத்து வீட்டில், எங்கள் பேச்சில் சாளையில்தான் குடியிருப்பு, ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் என்கிற மேய்ச்சல் நிலங்கள், உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருக்கும். தெருப் பெயர், கதவு எண் எதுவும் கிடையாது. தோட்டத்தின் பெயர், ஊர்ப் பெயர், அஞ்சலகம், 638ல் தொடங்கும் பின்கோடு. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நாகர்கோவிலிலும் சென்னையிலும் அச்சான புத்தகம் என்னைத் தேடி வந்துவிடுகிறது. இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சந்தோஷம் குறையவே இல்லை.

கொண்டு வருகிறவர் எங்கள் தபால்கார அக்கா. மழை, வெயில் எதுவானாலும் ஸ்கூட்டியில் வந்துவிடுவார். பார்சல் என்றால் சாளைவரை வருவார், மெல்லிய இதழ் என்றால் முக்கு பேக்கரியில் கொடுத்துவிட்டு போன் செய்வார். "ஏங்கண்ணு, உம்பட பொஸ்தகம் வந்திருக்குது, பேக்கரில குடுத்திருக்கறேன்." நான் சாயங்காலம் போவதற்குள் அது இரண்டு மூன்று கை மாறியிருக்கும். டீ மாஸ்டர் ஒருமுறை இதழைக் கையில் கொடுத்துக்கொண்டே, "அந்த மொதக் கதை நல்லாருக்குதுங்க, முடிவுதான் எனக்கு வெளங்கலீங்க" என்றார். நின்றபடியே அந்தக் கதையைப் படித்தேன். எனக்கும் முடிவு சட்டென்று பிடிபடவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு வாய்த்த மிக நல்ல இலக்கியப் பேச்சுகளில் அதுவும் ஒன்று.

ஆன்லைனில் வாங்கினாலும் புத்தகம் வருகிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வருகிறது, நானும் வாங்குகிறேன். ஆனால் சிறு பதிப்பாளரோ சிற்றிதழ்க்காரரோ அனுப்பும்போது உறையில் அவர் கையெழுத்து இருக்கும். என் தோட்டத்தின் பெயரைப் பேனாவால் எழுதியிருப்பார். இதழைத் தொகுத்து, மெய்ப்புப் பார்த்து, அச்சகத்துக்கு அலைந்து, கடைசியில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டி அஞ்சலகத்துக்குச் சுமந்து போனவரும் பெரும்பாலும் அவரேதான். எனக்கென்று ஒருவர் செலவழித்த அந்த ஐந்து நிமிடம் உறையின் மேலேயே தெரிகிறது. அதனால் உறைகளை நான் கிழிப்பதில்லை, ஓரமாக வெட்டி எடுத்து வைக்கிறேன்.

தமிழில் நல்ல எழுத்து பலகாலம் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1959ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது கடை விற்பனையை நம்பவில்லை, சந்தா கட்டியவர்களை நம்பித்தான் நடத்தினார். தமிழ்ப் புதுக்கவிதை வளர்ந்ததே அந்தச் சில நூறு வீடுகளுக்குப் போன தபாலில்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. எங்கள் கொங்குப் பக்கத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1971ல் கோவையிலிருந்து 'வானம்பாடி' கவிதை இதழ் வந்தது, 'விலையிலாக் கவிமடல்' என்று சொல்லிக்கொண்டு. அப்புறம் விமர்சகர் கோவை ஞானி. பார்வை போன பிறகும் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சொல்லி எழுதவைத்து இதழ் நடத்திய மனிதர். அவருடைய 'நிகழ்' இதழ்கள் சிலவற்றைக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெரியவர், சொல்லாமல் கொள்ளாமல், பார்சல் கட்டி எனக்கு அனுப்பி வைத்தார். இனி இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். அன்றைக்குத் தோட்டத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

இப்போது கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் நடப்பது தபால் கட்டணம் கைக்கு எட்டும்வரைதான். பதிவு பெற்ற பத்திரிகைக்கு 100 கிராம் வரை 50 காசு என்பது எத்தனையோ வருடமாக இருந்த சலுகை. ஆனால் 31 நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் வருகிற இதழுக்குத்தான் அது என்று 1898 அஞ்சல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். காலாண்டிதழ் நடத்துகிறவர் என்ன செய்வார்? நம் சிற்றிதழ்களில் பல காசு சேரும்போதுதான் வெளிவரும். புத்தகங்களுக்கு இருந்த பதிவு புக் போஸ்டையும் 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. புத்தகத்துக்கு இது நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். ஆனால் பருவ இதழ்களுக்கு அதில் இடமில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. 60 ரூபாய் இதழுக்கு ஏறக்குறைய அதே அளவு அனுப்புச் செலவு என்றால் ஒருவர் எத்தனை இதழ் தாங்குவார்? கூரியரில் போட்டால், டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி போன் வருகிறது. தோட்டம்வரை வருவது தபால்கார அக்கா மட்டும்தான்.

அதனால் நான் சந்தாவை முடிவதற்கு முன்பே புதுப்பித்துவிடுகிறேன். முன்பெல்லாம் மணியார்டர், படிவத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடமிருக்கும், போன இதழில் எது பிடித்தது என்று அதில் எழுதுவேன். இப்போது ஜிபேயில் அனுப்பிவிட்டு அதே இரண்டு வரியை வாட்ஸப்பில் எழுதுகிறேன். பதில் உடனே வருகிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த வருடம் அண்ணன் மகளுக்கு 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழுக்குச் சந்தா கட்டினேன், அவள் பெயரிலேயே. முதல் இதழ் வந்த அன்று, இது யாரு புதுப் பேரு என்று அக்கா ஸ்கூட்டியை நிறுத்திக் கேட்டார். நான்தான் என்று அவள் ஓடி வந்து கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள். சாதாரணத் தபாலுக்குக் கையெழுத்து வேண்டாம் என்றாலும் விடவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்ட, அதில் முழுப்பெயரையும் இனிஷியலோடு எழுதிக் கொடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது, பேக்கரிலயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க என்றாள்.